ஒன்பது நாள் தள்ளிப்போனது

கல்யாணமாகி ஏழு வருஷமாக எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறேன். என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. கொரோனா ஊசி போட எங்கள் கம்பெனியிலேயே முகாம் வைத்தார்கள். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று தையல் லைன் முழுக்கப் பேச்சு. பயந்துகொண்டேதான் கையை நீட்டினேன்.

அந்த மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது. ஐந்தாம் நாள் அவரிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் என்னைத் தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை. கம்பெனி பஸ் வரும் இடத்துக்கு பைக்கில் கொண்டுவிட்டார், பள்ளம் வந்தால் கால் ஊன்றி வண்டியை உருட்டிக்கொண்டு.

"டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா?"

"ரெண்டு நாள் போகட்டும்" என்றேன். பார்க்காதவரை நம்பிக்கை இருந்தது.

ஒன்பதாம் நாள் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே வந்துவிட்டது. கழிவறையில் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து மெஷின் அக்கா தேடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

சொன்னேன். அவர் என் முதுகைத் தடவினார். "எனக்கும் ஊசிக்கு அப்புறம் ஜாஸ்தியாத்தான் போவுது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

வீட்டில் அவரிடம், "ஊசிதான் கெடுத்துடுச்சு" என்றேன். அவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அப்புறம், "நாளைக்கு லீவு போடு, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரலாம்" என்றார்.

அங்கே டாக்டரம்மா நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "ஊசி போட்டதும் உடம்பு அதோட வேலையில இருக்கும்மா. மாதவிலக்கை நடத்துற ஹார்மோன் அப்போ கொஞ்சம் முன்னபின்ன ஆவலாம். கொரோனா வந்தவங்களுக்கும் ஆவுது. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மாசத்துல சரியாய்டும். ஊசியால குழந்தை பிறக்காமப் போவாது."

"அப்ப ரெண்டாவது ஊசி?" அவர்தான் கேட்டார்.

"தாராளமா போடலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "பேர் கூட யோசிச்சு வெச்சிருந்தேன்" என்றார்.

"இன்னா பேரு?"

சொன்னார். பெண் பிள்ளைப் பெயர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்பூர் வரும்வரை விடவில்லை.

அடுத்த மாதம் சரியான நாளில் வந்தது. குழந்தைக்காக அந்த டாக்டரம்மாவிடமே வைத்தியம் ஆரம்பித்தோம், இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம். இரண்டாவது ஊசி முகாமில் எனக்குப் பின்னால் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி முகம் வெளிறி நின்றிருந்தாள். திரும்பி அவளிடம், "நாள் கொஞ்சம் தள்ளிப்போனாலும் போவும், பயப்படாத. அப்படி ஆனா என்கிட்ட வந்து சொல்லு" என்றேன்.