உதட்டில் படித்த இங்கிலீஷ்

நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் என் மகள், காதில் இயர்போனோடு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். 'பெனவலென்ட்' என்கிறாள். அடுப்படியிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது.

நான் வளர்ந்த செல்லூர் வீட்டின் பவர்லூம் தறி காதுக்குள் ஓடத் தொடங்கியது. வெயில் விழும் இடமெல்லாம் பஞ்சுத் தூசி மிதக்கும். தறிக்கு அந்தப் பக்கம் அம்மா. இந்தப் பக்கம் இங்கிலீஷ் நோட்டோடு நான். அந்த இரைச்சலில் குரல் எடுபடாது. எங்கள் வீட்டில் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். இங்கிலீஷ் எழுத்தே தெரியாத அம்மா திடீரென்று தறியை நிறுத்துவாள்.

"நேத்து வாய் வேற மாதிரி போச்சேடி. மறுபடி சொல்லு."

கான்வென்ட் பள்ளியில் சேர நடந்த நேர்முகத்தில், பிறருக்கு நல்லது நினைப்பவரை இங்கிலீஷில் ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்வாய் என்று சிஸ்டர் கேட்டார். அறை அவ்வளவு அமைதி. பழக்கதோஷத்தில் நான் 'பெனவலென்ட்' என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

"தெரியலையா?" என்று சிஸ்டர் என் ஃபாரத்தை ஒதுக்கி வைத்தார்.

அவருக்குப் பின்னால் வாசலில் நின்ற அம்மா பதறிப்போய் உள்ளே வந்தாள்.

"சொல்லிப்புட்டாளே சிஸ்டர்! நான் பாத்தேன்."

சிஸ்டர் ஃபாரத்தைத் திரும்ப எடுத்தார். இந்தமுறை சத்தமாகவே சொன்னேன்.

மகள் இயர்போனைக் கழற்றினாள்.

"நான் சொன்னது கேட்டுச்சாம்மா?"

"பாத்தேன்டி."