காற்றுக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ஊசி. வாயைத் திறந்தால் குத்தாமல் மூட மாட்டாள் என்பது அங்கிருந்தவர்களின் கட்சி. பேருந்து நடத்துநர் ஒருவரின் மூன்றாவது மகள். கணிதம் படித்து, ஏழு வருடம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையோடு மல்லுக்கட்டிவிட்டு, காற்றை அளக்கும் இந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தவள்.

கடலில் எங்கே காற்றாலை நடலாம் என்று சொல்வதுதான் அங்கே வேலை. அதற்காக அங்கே ஒருவரும் கடலுக்குப் போனதில்லை. மேலே சுற்றும் செயற்கைக்கோள் ரேடாரால் கடலைப் படம் பிடித்து அனுப்பும். காற்றடித்தால் தண்ணீர் சொரசொரப்பாகும். அந்த இடம் படத்தில் வெளுத்துத் தெரியும். காற்றில்லாத இடம் கறுத்துக் கிடக்கும். அந்த வெளுப்பிலிருந்து காற்றின் வேகத்தைக் கணக்கிட்டு, வண்ண வரைபடமாக்கித் தருவாள் ஊசி. காற்று அதிகமென்றால் சிவப்பு.

மேலாளருக்குச் சிவப்பு என்றால் உயிர். மாமனார் தயவில் நாற்காலி பிடித்தவர். அவர் கடலைப் பார்த்தது பெரும்பாலும் நாட்காட்டியில்தான். ஒருநாள் வரைவுப் படத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ரத்தச் சிவப்பாக ஒரு திட்டைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார்.

"பாத்தீங்களா! வினாடிக்குப் பதினோரு மீட்டர்! கரையிலேயே புதையல்!"

"சார், அது காத்து இல்ல, கப்பல்."

"என்னது?"

"துறைமுகத்துக்குள்ள இடம் கிடைக்காம வெளிய நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுங்க. இரும்புல பட்டு ரேடார் பளிச்சுனு திரும்பி வருது. கம்ப்யூட்டர் அதைக் காத்துன்னு நெனச்சுக்குது. நான் இன்னும் வடிகட்டல."

"முந்நூறு படம் பாத்திருக்கோம். முந்நூறு நாளும் அதே கப்பலா நிக்கும்?"

"கப்பல் மாறும் சார். நிக்கிற இடம் மாறாது."

"எப்பப் பாத்தாலும் நெகட்டிவாவே பேசாதீங்கம்மா."

இரண்டு பக்கத்தில் எழுதியே கொடுத்தாள். அவர் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

வீட்டில் சொன்னபோது அவள் கணவன் புரையேறும்வரை சிரித்தான். நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் காய்கறியும் கொண்டுபோகிற படகை ஓட்டுபவன் அவன்.

"அங்கயா? மலை மறைக்கிற இடமாச்சே! காத்து இல்லாததாலதான் கப்பலே அங்க போய் நிக்குது."

ஊசிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். இருக்கிற கடலிலேயே காற்றில்லாத மூலையைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க எவ்வளவு மூளை வேண்டும்!

அடுத்த மாதம், காற்றாலை போட வந்த கம்பெனிக்காரர்களுக்குப் புதையலை நேரில் காட்ட மேலாளர் ஏற்பாடு செய்தார். "படகுக்கு யாரைக் கேக்கலாம்?" என்றதும், ஊசி பவ்யமாகத் தன் கணவனின் நம்பரைக் கொடுத்தாள்.

எல்லோரோடும் ஊசியும் படகில் ஏறிக்கொண்டாள். இடத்துக்குப் போனதும் அவள் கணவன் எஞ்சினை நிறுத்தினான். சுற்றிலும் ஏழு கப்பல்கள். ஒரு புகைபோக்கியிலிருந்து புகை நூல் பிடித்தாற்போல் நேரே மேலே போனது. கம்பெனியின் இன்ஜினியர் அம்மா, கையடக்கக் காற்றுமானியை உயர்த்திப் பிடித்தார். அது சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

"இன்னிக்குன்னு பாத்து கொஞ்சம்..." என்று இழுத்தார் மேலாளர்.

"என்னிக்குமே இப்படித்தான் சார்" என்றான் படகோட்டி.

இன்ஜினியர் அம்மா கப்பல்களை ஒருமுறை எண்ணினார். "படத்துல இருந்து இதையெல்லாம் எடுத்தீங்களா?"

மேலாளர், பதில் அதற்குள் இருப்பதுபோல, கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். அவர் நெற்றி வியர்ப்பதை ஊசி நிதானமாக ரசித்தாள். பிறகு அந்த இரண்டு பக்கத்தின் நகலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "எடுக்கணும்னு அப்பவே எழுதிக் கொடுத்துட்டேன் மேடம்."

கணக்கைத் திரும்பப் போட அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது. கப்பல்களை நீக்கி, கடலில் மிதக்கும் அளவுமானியின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, நல்ல காற்று மலைமறைவைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கம்பெனி அங்கே போனது.

மேலாளருக்கு ஒரு கேடும் வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எப்போது வந்திருக்கிறது? 'ரேடார் படங்களில் கப்பல் பிழை: என் அனுபவம்' என்று கருத்தரங்குகளில் பேச ஆரம்பித்தார். மாலையெல்லாம் போட்டார்கள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அதை முழுசாகக் கேட்ட ஊசி, மறுநாளே ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். இன்ஜினியர் அம்மா தன் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டு ஒரு வாரமாகியிருந்தது.

"இவ்வளவு கத்துக்கொடுத்த எங்களை விட்டுட்டுப் போறீங்களேம்மா" என்றார் மேலாளர்.

இந்த ஆளுக்கு ஒரு வார்த்தை செலவழிப்பதும் தண்டம் என்று படியிறங்கினாள்.

புது வேலையில் முதல் வாரமே, அளவுமானியைச் சரிபார்க்க நடுக்கடலுக்கு அனுப்பினார்கள். போக வர ஓயாத வாந்தி. கரையில் காத்திருந்த கணவன் கேட்டான், "காத்து எப்படி?"

"பேசாம வாங்க" என்றாள். "ஒன்பது மீட்டர். கப்பல் ஒண்ணுகூட இல்ல."