எண்ணெய்க்கு முன்னால தண்ணி

பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவளுக்குக் கை பழகினால் மட்டும் போதாது, வாயை அடக்கவும் பழக வேண்டும். எனக்கு முதலாவது சீக்கிரமே வந்துவிட்டது, இரண்டாவது இன்னும் வந்தபாடில்லை. விழுப்புரத்தில் ஒரு மேடத்திடம் ஆறு வருஷம் வேலை கற்றுக்கொண்டு, இப்போது திண்டிவனத்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரெண்டு நாற்காலி, ஒரு கெய்சர், கூடமாட வேலைக்குச் செல்வி. என்னைப் போலவே அடுத்தவர் தலையை நம்பிப் பிழைக்கிற தோழிகளே, நீங்களும் யாருக்காவது நல்லது செய்கிறேன் பேர்வழி என்று முடியைக் கெடுத்திருப்பீர்கள். வெளியே சொல்ல மாட்டீர்கள். நானே சொல்லிவிடுகிறேன், உங்கள் பங்குக்கும் சேர்த்து.

வளவனூர் கல்யாணப் பெண்

விழுப்புரத்தில் இருந்தபோது நடந்தது. வளவனூரிலிருந்து ஒரு கிறிஸ்தவக் குடும்பம் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தது. மறுநாள் சர்ச்சில் கல்யாணம். பெண்ணுக்குக் கொத்துக் கொத்தாகச் சுருட்டை முடி. தலையில் போடுகிற வெள்ளை நெட் அழகாக நிற்க வேண்டும், அதனால் முடியை நேராக்கிவிடுங்கள் என்று அம்மா சொன்னார். "இப்படியே இருந்தா நிக்காதா?" என்று பெண் ஒரே ஒரு தரம் கேட்டாள். சுருட்டை என்றால் சரிசெய்ய வேண்டிய கோளாறு என்றுதான் எங்கள் மேடம் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். மூன்று மணி நேரம் அயர்ன் பிடித்தேன். முடி வழுவழுவென்று இடுப்பு வரை விழுந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், அத்தைமார்கள் மெச்சினார்கள். பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். அதைப் பாராட்டு என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் கீதுங்க. போட்டோ பாக்கறவங்கதான் இது யாருன்னு கேப்பாங்க."

சிக்கு

கிரேஸ் என் கடைக்கு வந்தது வலது கையில் கட்டோடு. தான்சானியாவிலிருந்து வந்து பக்கத்துக் காலேஜில் படிக்கிற பெண். ஹாஸ்டல் படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது, அதனால் தன் தலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஒரு பையில் எல்லாம் கொண்டுவந்திருந்தாள்: தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில், கிரீம் டப்பா, அகலப் பல் சீப்பு. நாலு வருஷமாக வளர்த்த முடி. இறுக்கமான சுருள், ஸ்பிரிங் மாதிரி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஹாஸ்டல் சமையல்காரம்மாவிடம் கற்ற தமிழில் விளக்கமும் சொன்னாள்: "முதல்ல தண்ணி, அப்புறம் கிரீம், கடைசியா எண்ணெய். அவ்ளோதான் அக்கா." தலைக்கு ஸ்ப்ரேவா என்று செல்வி வேடிக்கை பார்த்தாள். எனக்கு ரோஷம். சர்டிபிகேட் வாங்கியவளுக்கு எண்ணெய் வைக்கச் சொல்லித் தர வேண்டுமா?

அந்தப் பையை நான் தொடவே இல்லை. காய்ந்த தலையில் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி ஊற்றி, நம் ஊர்ப் பெண்களுக்குச் செய்வது போல நெருக்கமான சீப்பை வேரில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். சீப்பில் ரெண்டு பல் போனது. "எவ்ளோ சிக்கு பாரு, வாரவே மாட்டியா நீ?" என்று அதட்டல் வேறு. கிரேஸ் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர். கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

"அக்கா, இது சிக்கு இல்ல. என் முடியே இப்படித்தான்."

கேன் தண்ணி

அதற்கப்புறமும் வந்தாள். கை சரியாகவில்லை, ஹாஸ்டலில் வேறு யாருக்கும் அந்த முடியைத் தொடத் தெரியாது, என்ன செய்வாள் பாவம். இந்தத் தடவை தலையை அலசிவிட வேண்டும் என்றாள். எங்கள் கடை போர் தண்ணி உப்பு. அதில் சீயக்காய் போட்டுத் தேய்த்து அலசினேன். காய்ந்ததும் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. சுருள் முடிக்கு வேரிலிருக்கிற எண்ணெய்ப் பசை நுனி வரைக்கும் இறங்காது, அது ஏற்கெனவே வறண்டது, அதையும் போய்ச் சுரண்டி எடுத்துவிட்டேன் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரிந்தது? அடுத்த வாரம் கிரேஸ் கூச்சத்தோடு கேட்டாள், குடிக்க வைத்திருக்கிற கேன் தண்ணியில் அலசலாமா என்று. "குடிக்கிற தண்ணிய எவளாவது தலையில ஊத்துவாளா?" என்றேன். மூலையில் டவல் மடித்துக்கொண்டிருந்த செல்வி தலை நிமிராமல் சொன்னாள்.

"நம்ம தண்ணியில பக்கெட்டே வெள்ளை பூத்துக்கினு கீது அக்கா. முடி மட்டும் என்னாத்துக்கு ஆவும்?"

வாயால் வந்த வினை

இதுதான் விஷயம். மேலே சொன்னதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கிரேஸ் காலேஜில் கேம்பஸ் இன்டர்வியூ வந்தது. யாரோ ஒரு சார் "ஹேர் நீட்டா இருக்கணும்" என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறார். தலையை ஈரப்படுத்தி, கிரீம் வைத்து, மண்டையோடு ஒட்டிச் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டால் போதும் என்றாள். விட்டேனா நான்? ஸ்ட்ரெய்ட்னிங் பண்ணு, வேலை கன்ஃபார்ம் என்று அரை மணி நேரம் பேசினேன். அவள் யோசித்தாள். படிப்பு முடிந்து ஊருக்குப் போனதும் அக்காவுக்குக் கல்யாணமாம். அவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக உட்காருவார்களாம், அம்மா ஒவ்வொருத்தியாகத் தன் கையால் பின்னிவிடுவாராம். நாலு வருஷமாக முடி வளர்ப்பதே அதற்காகத்தான் என்றாள். "நேரா இருந்தா உங்கம்மாவுக்கு ஈசிதானே" என்று வாய் கூசாமல் சொன்னேன். தலையாட்டிவிட்டாள்.

நம் ஊர் முடிக்கு எவ்வளவு நேரம் ஸ்ட்ரெய்ட்னிங் கிரீமை விடுவேனோ, அவ்வளவு நேரம் விட்டேன். ஏற்கெனவே உப்புத் தண்ணியும் என் சீப்பும் தின்று மிச்சம் வைத்த முடி அது. அன்றைக்கு என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. ரெண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் கிரேஸ் வந்தாள், தலையில் துணி கட்டிக்கொண்டு. அவிழ்த்தாள். நெற்றி ஓரம் ரெண்டு பக்கமும் வெறிச்சென்று இருந்தது. பின்னால் தொட்ட இடமெல்லாம் ஒடிந்து என் கையோடு வந்தது. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"வேலை கிடைச்சிடுச்சு அக்கா. முடிதான் போயிடுச்சு."

மிஷின்

முட்டை போடலாம், வெந்தயம் போடலாம் என்று உளறினேன். கிரேஸ் கேட்கவில்லை. கிரீம் பட்டதை எல்லாம் எடுத்துவிடச் சொன்னாள். ஒரு விரல்கடை உயரம் விட்டு மிச்சத்தை மிஷினில் எடுத்தேன். மன்னிச்சிக்கோ என்கிற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதற்குப் பதில் நம் தொழிலில் எல்லாரும் சொல்கிற பொய்யைச் சொன்னேன், "ஜல்தியா வளந்துடும்மா" என்று. அவள் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இந்த வாட்டி நான் சொல்ற மாதிரி செய்யுங்க அக்கா."

வாராதே என்கிற பார்லர்

அப்புறம் ஏழெட்டு மாசம், வாரம் தவறாமல் வந்தாள். கை எப்போதோ சரியாகிவிட்டது, ஆனாலும் வந்தாள். அவள் வரும் நாளுக்கென்று தனியாக ஒரு கேன் தண்ணி வாங்கி வைத்தேன். முடியை நனைப்பேன். ஈரத்தோடு கிரீமை விரலால் தடவுவேன். அந்த ஈரம் ஓடிப்போகாமல் இருக்க மேலே ரெண்டு சொட்டு எண்ணெய். எண்ணெய் ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைக் காக்கத்தான் செய்யும் என்று அப்போதுதான் புரிந்தது. சிக்கெடுத்தால் நனைந்த முடியில், விரலால், நுனியிலிருந்து மேலே. பருத்தித் தலையணை ஈரத்தைக் குடித்துவிடும் என்றாள், டெய்லர் கடையில் லைனிங் சாட்டின் வாங்கி உறை தைத்துக் கொடுத்தேன். நம் ஊர்ச் சுருட்டை முடிக்காரிகளிடமும் இதையே ஓத ஆரம்பித்தேன். மாசாமாசம் முடியை நேராக்க வருகிற ஒரு டீச்சர் கடுப்பாகிவிட்டார்.

"இவ்ளோ நாளா வாரு வாருன்னு உயிர எடுத்தீங்க, இப்ப வாராதன்றீங்க. எதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம், பேஜாரா கீது."

வீடியோ கால்

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கிரேஸ் கடைசித் தடவையாக வந்தாள். முடி மெத்தென்று, பஞ்சு மாதிரி, சுருள் சுருளாகக் கண்ணுக்கு அழகாக இருந்தது. ஆனால் காது உயரத்தைத் தாண்டவில்லை. அந்தக் கல்யாணப் பின்னலுக்கு எட்டாது. அம்மா மற்றப் பெண்களுக்குப் பின்னும்போது இவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அது என்னால் ஆனது.

நான் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். வெயில் தாங்காமல் தானே முடியை வெட்டிக்கொண்டதாக அம்மாவிடம் எப்போதோ சொல்லிவிட்டாளாம், என்னைக் காட்டிக் கொடுக்காமல். அந்த அம்மா போனுக்குக் கிட்டத்தில் வந்து மகள் தலையை உற்றுப் பார்த்தார். இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று கையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து மூச்சுவிடாமல் என்னமோ பேசினார். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பு என்னுதுங்க" என்று ரெண்டு வார்த்தை, கிரேஸை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். நான் பல்லைக் காட்டிக் கும்பிடு போட்டேன். கிரேஸ் தமிழில் சொன்னாள்.

"பெத்தவ பக்கத்துல இல்லாத ஊர்ல என் பொண்ணு முடிய இவ்ளோ நல்லா பாத்துக்கினீங்களேன்னு அம்மா நன்றி சொல்றாங்க அக்கா."

என் கடைச் சுவரில் நாலு சர்டிபிகேட் தொங்குகிறது, அந்த நாலையும் படித்துத்தான் வாங்கினேன். இந்த அஞ்சாவதை மட்டும் வாயை மூடிக்கொண்டு வாங்கினேன்.