ஓட்டுநரம்மாவின் வீட்டுப் பதிவுப்பெட்டி

நகரப் பேருந்து ஓட்டும் அந்த அம்மாளைப் பணிமனையில் எல்லோரும் ஓட்டுநரம்மா என்பார்கள். அவள் கணவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மேதை. வைத்தது அவளுடைய அக்கா. அது பாராட்டு இல்லை என்பது சொந்தபந்தத்தில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியாது.

கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் மேதைக்கு வேலை. அடுத்தவன் தராசில் குன்றிமணி எடை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். சொந்த வீட்டில் குழாய் சொட்டுவது மட்டும் கண்ணில் படாது. அவர் கைபட்டுத் துலங்கிய பொருள் என்று அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. ரேடியோவைத் திறந்தார், அது ஊமையாயிற்று. வாஷிங் மெஷினைச் சரிசெய்தார், அன்றிலிருந்து ஓட்டுநரம்மா கையால் துவைக்கிறாள். முன்பு அவள் கண்டக்டராக இருந்தாள். கனரக வண்டி லைசென்ஸுக்குப் படித்தபோது, "பொம்பளை போட்டா அந்தக் கியர் விழாது" என்று சொன்னவரும் இதே மேதைதான். கியர் விழுந்தது. அவர் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் டிவியின் மேல் கோபம் வந்தது.

"அவன் நினைச்ச நேரத்துக்குப் போடுவான், நான் போய் உக்காரணுமா? நான் என்ன அவன் வீட்டு வேலைக்காரனா?"

"நீங்க அந்த நேரத்துல சும்மாதானே இருக்கீங்க?"

"அது வேற விஷயம்."

அலுவலகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. மொட்டைமாடியில் ஆன்டெனா நிமிர்ந்தது. காற்றில் வரும் சிக்னலைப் பிடிக்க ஒரு ட்யூனர், பிடித்ததைப் பதிந்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட, குடும்பம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டது. அவர் மேலே நின்று ஆன்டெனாவைத் திருப்புவார். கல்லூரியில் படிக்கும் மகள் ஜன்னலில் தலையை நீட்டி, "வருதுப்பா... போச்சுப்பா... வருதுப்பா..." என்று கத்துவாள். எதிர்வீட்டுக்காரர்களுக்கு இலவச நாடகம்.

ஒருவழியாக அந்தப் பதிவுப்பெட்டி வேலை செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று. ஆன்டெனா ஒயர் பெட்டிக்குள் போய்விட்டதால், இனி எதைப் பார்த்தாலும் அதன் வழியாகத்தான். இருப்பதோ ஒரே ட்யூனர். அது ஒரு சேனலைப் பதியும்போது வேறு சேனல் வராது. அதுவோ எந்நேரமும் எதையாவது பதிந்துகொண்டே இருந்தது. பாலம் கட்டுவது எப்படி, ஆழ்கடல் நண்டு, சதுரங்கப் போட்டி என்று குவிந்தது. அவற்றில் ஒன்றையாவது மேதை பார்த்தாரா? "இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." பார்ப்பதற்கு டிவி வாங்கியவர்கள் உண்டு, பார்க்காமல் இருப்பதற்கு இத்தனை பாடுபட்டவர் இவர் ஒருவர்தான்.

இந்த நிலையில் ஒரு காலை, நெரிசலான பேருந்துடன் சரிவுப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்த ஓட்டுநரம்மாவுக்குக் காலடியில் பிரேக் வெறுமையாக இறங்கியது. அவள் கத்தவில்லை. கியரைப் படிப்படியாகக் குறைத்தாள், பக்கச் சுவரில் உரசவிட்டாள், கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலில் வண்டியின் மூக்கைச் செருகினாள். ஒருவருக்குப் பல் உடைந்தது; மற்ற எல்லோரும் நடந்தே இறங்கினார்கள். டிவிக்காரர்கள் வந்து அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம், கால்பந்து மேட்ச் முடிந்ததும் போடுவதாகச் சொன்னார்கள்.

அந்த நேரம் அவளுக்கு வேலை. ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மேதை விடவில்லை.

"எதுக்கு மாத்தணும்? அதுக்குத்தானே பெட்டி இருக்கு! ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடு. நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம்."

"மேட்ச் இழுத்துச்சுன்னா என்னப்பா பண்ணுவீங்க? ஒரு அரைமணி நேரம் கூடப் போட்டு வைங்க" என்றாள் மகள்.

"நிகழ்ச்சி நேரத்தை சேனல்காரனே சிக்னல்ல அனுப்பறாம்மா. அவனை நம்பாம உன்னை நம்பவா? டிஸ்க்ல இடம் வீணாப் போகும்."

நண்டுக்கு இடம் இருந்தது. பெண்டாட்டிக்கு இல்லை.

சனிக்கிழமை மகளுக்கு வகுப்பு. வீட்டில் தனியாக இருந்த மேதை டிவியையே போடவில்லை. பதிவாகும்போது தொட்டால் ஏதாவது ஆகிவிடுமாம். பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அவள் கணவரும் அக்கம்பக்கத்தாரும் வந்து கூடத்தை நிறைத்தார்கள். முதலில் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று மேதை விளக்கினார். அக்காவின் கணவர் தூங்கி எழுந்தார். பிறகு ரிமோட் அழுத்தப்பட்டது. மேட்ச். ஓட்டிவிட்டார், இன்னும் மேட்ச். கூடுதல் நேரம் கொடுத்திருந்தார்கள். கடைசியில் அறிவிப்பாளர் பெண் சிரித்தாள்: "அடுத்து, ஒரு பேருந்து நிறையப் பயணிகளைக் காப்பாற்றிய..." பேருந்தின் முகம் தெரிந்தது. திரை நீலமானது.

எல்லோரும் மேதையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா, பெட்டி சொன்ன நேரத்துக்குக் கரெக்டா நின்னிருக்கு. தப்பு சேனல்காரன் மேலதான்" என்றார் மேதை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அக்கா. "இவர் பேச்சைக் கேட்டு நேத்து நானும் பாக்காம விட்டேன். ஏண்டி, பிரேக் இல்லாத பஸ்ஸை நிறுத்தின, இந்த மனுஷனை நிறுத்த முடியலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேதையும் சிரித்தார். ஓட்டுநரம்மா காபி டம்ளர்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய், கழுவியதையே திரும்பக் கழுவினாள்.

மறுநாள் பணிமனை கேன்டீனில் டீ போடுகிற பெண் அவளை மறித்தாள். "அக்கா, எங்க வீட்டு டிவிக்கு முன்னாடி போனைப் பிடிச்சு எடுத்து வெச்சிருக்கேன், பாருங்க!"

படம் ஆடியது. நடுவே குக்கர் கத்தியது. ஆனாலும் அவள் முகம் இருந்தது, வியர்த்து, சட்டைக் காலர் ஒருபக்கம் மடங்கி. மணல் குவியலைப் பற்றி நன்றாகத்தான் சொல்லியிருந்தாள். முடிவில், வீட்டில் யார் ஊக்கம் என்று கேட்டார்கள். திரையில் இருந்தவள் தயங்காமல் சொன்னாள்:

"என் வீட்டுக்காரர்தாங்க. எதைச் செஞ்சாலும் நிதானமா, ஒரு பிசகில்லாம செய்வார். அவரைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

டீக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓட்டுநரம்மாவுக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கேமராவைக் கண்டதும் வாய் கூசாமல் எப்படி வருகிறது இந்தப் பொய்!

"அண்ணனுக்கும் அனுப்பட்டுமாக்கா? சந்தோஷப்படுவார்."

"எனக்கு அனுப்பு. அவருக்கு வேணாம்."

அன்று சாயங்காலம் மேதை மெதுவாக ஆரம்பித்தார். "பேட்டியில என்னதான் சொன்ன?"

"பிரேக்கைப் பத்திச் சொன்னேன்."

"என்னைப் பத்தி எதுவும் கேக்கலையா?"

"கேக்கல."

அவர் முகம் ஒரு கணம் வாடியது. மறுகணமே தெளிந்து, இன்னொரு ட்யூனர் போட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்று ஆரம்பித்துவிட்டார். அவள் கேட்டுக்கொண்டே டிவிக்குப் பின்னால் போனாள். பெட்டியிலிருந்து ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி நேராக டிவியில் செருகினாள்.

"ஏய்! அதுல ரெக்கார்டிங் ஓடுது!"

"என்ன ஓடுது?"

மேதை வாயைத் திறந்தார். தெரியவில்லை. பெட்டியைத்தான் கேட்க வேண்டும்.

டிவியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு மழையாம். சரிவுப் பாதை வழுக்கும். ஓட்டுநரம்மா காலை நீட்டி உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டினாள்.