சித்தப்பா பாடிய இங்கிலீஷ் பாட்டு

எங்கள் சித்தப்பா லாரி மெக்கானிக். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் உதிரிப் பாகங்களின் பெயர்கள்தான். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு அமெரிக்கப் பாட்டை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்கும் தல்லாகுளத்து டீச்சரை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதர் கொடுத்த கேசட்டில் ஒருவர் கிட்டாரை மீட்டி நிதானமாகப் பாடுவார். குரல் உருகியதால் அது காதல் பாட்டு என்று சித்தப்பா முடிவுகட்டிவிட்டார். ஆனையூர் வீட்டில் தினமும் அதைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக மென்றார். டேப் சிக்கினால் பென்சிலால் சுற்றி மறுபடி போடுவார். அப்பா தலையில் அடித்துக்கொண்டு கதவைச் சாத்துவார். கிரீஸ் ஏறிய விரல்நுனிகள் இரவல் வாங்கிய கிட்டாரின் கம்பி பட்டு வெடித்தன. அவர் விடவில்லை.

சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று சாயங்காலம் மேடையேறினார். பாதிப் பாட்டில் கம்பி அறுந்து கன்னத்தில் அடித்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது; எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தப்பா கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, வெறும் குரலிலேயே கடைசிவரி வரைக்கும் பாடினார். சிரிக்காமல் கேட்டவர் டீச்சர் மட்டும்தான்.

டீ கொடுக்கிற இடத்தில் அவரே எங்களிடம் வந்தார்.

“அர்த்தம் தெரிஞ்சுதான் பாடுனீங்களா?”

“இல்லைங்க டீச்சர்... ஆசைப்பட்டவங்களுக்குப் பாடுறதுன்னு நெனச்சேன்.”

“அது பொறுமையைப் பத்தின பாட்டு. ஆறு அவசரப்படாம ஓடி ஓடியே மலையை அறுத்துருச்சாம்.”

சித்தப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “அப்ப நானும் பொறுத்திருக்கட்டுங்களா?” என்றார்.

“இருங்க. என் தங்கச்சி படிப்பு முடியட்டும். அப்புறம் வீட்டுல நானே பேசுறேன்” என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

திரும்பும் வழியில் சித்தப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். சைக்கிளில் விசிலடித்துக்கொண்டே மிதித்தார். பின்சீட்டில் பாவாடையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கோ மனசே ஆறவில்லை. அந்த டீச்சரைச் சித்தி என்று கூப்பிட இன்னும் சில வருஷம் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் “இரு, வாரேன்” என்றால் அடி விழப்போகிறது என்று அர்த்தம். இம்புட்டுப் பாடுபட்ட மனுஷனைப் பார்த்து இருக்கச் சொல்லிவிட்டார்களே, அது புரியாமல் விசிலடிக்கிறாரே என்று, அவர் முதுகில் முகத்தைப் புதைத்து, ஆனையூர் வரும்வரை அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.