தலையாட்டக் கூடாத அறை

அவளுக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தது வகுப்புத் தோழர்கள்தான். கணித ஆனர்ஸில் சேர்ந்த முதல் வருஷம், பேராசிரியர் எதைச் சொன்னாலும் முன் பெஞ்சில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டுவாள். புரிந்ததா இல்லையா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்பா பஸ் ஓட்டுகிறவர். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். "எம்பொண்ணு ஆனர்ஸ்" என்று சொல்லும்போதே அம்மாவின் குரல் ஒரு படி ஏறிவிடும். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வந்தவள் எந்த வாயால் 'புரியல' என்று சொல்லுவாள்?

எப்படியோ முட்டி மோதி மூன்றாம் ஆண்டுக்கு வந்தாள். வந்ததும் முதல் வேலையாக, புதிதாகச் சேரும் ஆனர்ஸ் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் சீனியராகத் தன் பெயரைக் கொடுத்தாள்.

"உனக்கே வழி தெரியாதே!" என்று தோழர்கள் ஓட்டினார்கள்.

"அதனாலதான்டா கொடுத்தேன். எங்கெங்க தொலைஞ்சு போவாங்கன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

நூலகத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஜன்னல் சாத்தாது. மின்விசிறி சுற்றுவதைவிட முனகுவதுதான் அதிகம். அங்கே ஒரே ஒரு சட்டம் போட்டாள்: யார் தலையாட்டினாலும், எழுந்து பலகைக்குப் போய் விளக்க வேண்டும். வந்தவர்களோ பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய புலிகள். தெரியாது என்ற சொல்லே அவர்கள் வாயில் நுழையாது. முதல் வாரம் முழுக்க, கழுத்து சுளுக்கிக்கொண்டவர்கள் போல விறைத்து உட்கார்ந்திருந்தார்கள், பாவம்.

அந்தப் புலிகளில் ஒருத்தி பிளம்பரின் மகள். ஒரு நாள் எல்லாரும் போன பிறகும் அவள் போகவில்லை.

"அக்கா, நான் சாதாரண வகுப்புக்கே மாறிக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல சொல்லிடப் போறேன்."

"ஏண்டி, என்ன ஆச்சு?"

"சார் 'இது வெளிப்படை'ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருக்காரு. எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குது. நான் இதுக்கு லாயக்கில்லக்கா."

"எதைச் சொன்னாரு?"

"கையை எடுக்காம, கோடு தன்னையே வெட்டாம, ஆரம்பிச்ச இடத்துலயே வந்து முடியற மாதிரி ஒரு வளைவு போட்டா, தாள் உள்ள வெளியன்னு ரெண்டாப் பிரியுமாம். அது வெளிப்படையாம்."

"ப்பூ, இவ்வளவுதானா? பார்த்தாலே தெரியுதே!" என்று தலையாட்டினாள் தலையாட்டி.

பிளம்பர் மகள் சாக்பீஸை எடுத்தாள். நூல்கண்டைப் பூனை இழுத்துப் போட்டது போலப் பலகை முழுக்க ஒரே கோட்டை, எங்கும் வெட்டாமல், வளைத்து வளைத்து ஓட்டி, தொடங்கிய இடத்தில் முடித்தாள். நடுவில் ஒரு புள்ளி வைத்தாள்.

"அப்ப இது உள்ளயா, வெளியயா?"

ஆடிக்கொண்டிருந்த தலை பாதியில் நின்றது. இரண்டு வருஷமாகத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்த விஷயம்! சீனியருக்கு முகம் வெளிறியது. அடுத்த நொடியே குஷி பிறந்துவிட்டது.

"போறதுன்னா தாராளமாப் போ. ஆனா இதே படத்தைக் கிளாஸ்ல போட்டுக் கேட்டுட்டுப் போ."

"சிரிப்பாங்கக்கா."

"நான் பின்னாடிதான் உக்காந்திருப்பேன். சிரிச்சா என்னைப் பாரு."

வெள்ளிக்கிழமை பேராசிரியர் மறுபடியும் 'வெளிப்படை' என்றார். ஒரு கை பாதி உயர்ந்து, இறங்கி, மறுபடி உயர்ந்தது.

"சார்... எனக்கு வெளிப்படையாத் தெரியல."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய்ப் பலகையில் அந்த வளைவைப் போட்டாள்.

"இந்தப் புள்ளி உள்ளயா, வெளியயா?"

"உள்ள!" என்றது பாதி வகுப்பு. "வெளிய!" என்றது மறுபாதி. சிரித்தவர்களுக்குள்ளேயே அடிதடி நடக்காத குறை. பேராசிரியர் விரலை வைத்துக் கோட்டைத் தொடர்ந்தார், வழி தவறினார், முதலிலிருந்து ஆரம்பித்தார், மறுபடியும் தவறினார். கடைசியில் அவரே சிரித்துவிட்டார்.

"இதை முழுசா நிரூபிக்க ஒரு மாசம் ஆகும்மா. அதான் வருஷா வருஷம் நைசாத் தாண்டிப் போயிட்டிருந்தேன். இன்னைக்கு நல்லா மாட்டிக்கிட்டேன். அடுத்த வாரம் இதையே எடுத்துக்கலாம். வேற யாருக்கெல்லாம் இது புரியல?"

முதல் கை பின் பெஞ்சிலிருந்து உயர்ந்தது. தலையாட்டியின் கை. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக, கடைசியில் புலிகள் அத்தனை பேரின் கையும் மேலே. சீனியருக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அம்மா இதைப் பார்க்க வேண்டுமே என்று இருந்தது.

வகுப்பு முடிந்து இருவரும் வராந்தாவில் நடந்தார்கள். ஆபீஸ் வாசல் வந்தது. பிளம்பர் மகள் நிற்காமல் அதைக் கடந்து போனாள்.

"ஏய், ஆபீஸ் இங்கதான்டி இருக்கு."

"தெரியும்க்கா. ஆனா அந்தப் புள்ளி உள்ளயா வெளியயான்னு இன்னும் தெரியலையே. நாளைக்கு ரூமைத் திறப்பீங்கல்ல?"

சீனியர் தன்னை மறந்து, முதல் வருஷத்தில் ஆட்டியதைவிட வேகமாகத் தலையாட்டினாள்.

"ஆட்டிட்டீங்க!" என்று கத்தினாள் சின்னவள். "போங்க, பலகைக்குப் போங்க!"