பெயர் வெட்டிய அண்டா

மூடிப்போன பித்தளைப் பாத்திரத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. "பார்த்துட்டு வர்றோம்" என்று படியிறங்குகிறவர்களைப் பார்த்தே பழகிய கும்பகோணத்துக் கடைக்காரர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எவர்சில்வர் வந்து உலை அணைந்த பிறகும், சிங்கப்பூரில் இருக்கும் முதலாளியின் மகன் கட்டடத்தை இடிக்காமல் பழுதுபார்த்துப் பொருட்காட்சியாக்கி வைத்தார். போன வருஷம் போனில் சொன்னார்: "பொங்கல் வரைக்கும் பார்ப்போம்ணே. ஆள் வரலைன்னா கல்யாண மண்டபமாக்கிடலாம்." மண்டபத்தில் எனக்கு என்ன வேலை?

யார் வீட்டுச் சீர்?

விற்காமல் தங்கிய குடங்களையும் தவலைகளையும் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தேன். பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குக் கீழ்வேளூரிலிருந்து வந்த பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். நான் உலையைப் பற்றி விளக்க, அவர்கள் ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பி விளிம்பைத் தடவினார்கள். என் பேச்சில்தான் குறையோ என்று குழம்பி நின்றேன். மூத்தவர் சொன்னார்: "இவ்வளவு சீர் வச்சிருக்கீங்க, ஒண்ணுலயாவது பேரு வெட்டக் கூடாதா?"

பழசுக்குப் புதுசு

மும்தாஜ் பீவி ஆட்டோவில் ஓர் அண்டாவோடு வந்து இறங்கினார். பழசைப் போட்டுப் புதுசு வாங்க வந்திருந்தார். இங்கே விற்பனை நின்று பல வருஷம் ஆயிற்று என்றேன். துபாயில் இருக்கும் மகன் சென்னையில் பிளாட் வாங்கிவிட்டான். அண்டா அந்தச் சமையலறைக் கதவுக்குள் நுழையாது. அதற்குள் ஆட்டோவும் போய்விட்டது. "இங்கேயே இருக்கட்டும் தம்பி. எங்க மாமி பேரு வெட்டியிருக்கு, கவுத்து மட்டும் வச்சிடாதீங்க."

சொந்தக்காரர்கள்

மறுவாரமே மும்தாஜ் பீவியின் நாத்தனார், தன் அம்மா பேர் வெட்டிய அண்டா நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் குடும்பத்தோடு வந்தார். செய்தி பரவியது. வீட்டில் இடமில்லாத பாத்திரமெல்லாம் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் அதைச் சரிபார்க்க ஒரு கூட்டம் வந்தது. உலையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இது பொருட்காட்சியா, பந்தி வரிசையா என்று எனக்கே சந்தேகம். பேராவூரணிக்காரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "எங்கம்மா பேரைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்களே, அவங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?"

பொங்கலுக்கு மறுநாள்

முதலாளியின் மகன் அளவு நாடாவோடு வந்தார். கூடத்தை அளக்க முடியவில்லை. யார் தவலை முன்னால் இருக்க வேண்டும் என்று இரண்டு குடும்பங்கள் வாதாடிக்கொண்டிருந்தன. அவர் யாரென்று தெரியாமல் ஒரு பெண், "கொஞ்சம் தள்ளுங்க, பேரு மறைக்குது" என்றார். தள்ளி நின்றார். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, என் காதருகே குனிந்தார்: "எங்கம்மா குடம் மாடியில கிடக்குண்ணே. கொண்டாந்தா முன்வரிசையில இடம் கிடைக்குமா?"

முன்வரிசை நிரம்பிவிட்டது என்று முதலாளியின் மகனிடமே எப்படிச் சொல்வது என்பதுதான், தப்பிப் பிழைத்த இந்த வேலையில் இப்போது எனக்கிருக்கும் கவலை.